கோச் வேலைக்கு ஆள் தேவை

காலை நடைக்குப் போகிற எங்கள் குழுவில் இப்போது ஐந்து பேர். சிக்கண்ணா கல்லூரி மைதானத்தில் நாலு சுற்று, அப்புறம் வெளியே டீக்கடையில் முக்கால் மணி நேரம். நாலு சுற்றில் கரைத்ததை அந்த முக்கால் மணி நேரத்தில் வட்டியோடு திரும்ப வாங்கி வருகிறோம் என்பது என் வீட்டுக்காரம்மாவின் கணக்கு.

ஐந்து பேரையும் பெயர் சொல்லாமலே அறிமுகப்படுத்துகிறேன். பெயர் போட்டால் பேரன்கள் உடனே படித்துக் காட்டிவிடுகிறார்கள். ஒருவர் எல்.ஐ.சி.யில் இருந்து ஓய்வு பெற்றவர், புள்ளிவிவரம் எல்லாம் விரல் நுனியில். ஒருவர் சாயப்பட்டறை வைத்திருந்தவர். மூன்றாமவர் காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்தவர், கடை இப்போது மகன் கையில். நாலாவது பி.டி. வாத்தியார், அவிநாசிப் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருஷம் விசில் ஊதியவர். ஐந்தாவது நான். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் பார்த்தவன்.

பேசுவது கிரிக்கெட்தான். ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட, அணிக்கு யார் கோச்சாக வர வேண்டும் என்று பேசுவதுதான் அதிகம். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பந்து போடுகிற வயசு போய்விட்டது. ஆனால் மாப்பிள்ளை பார்த்து, மருமகள் பார்த்து, கம்பெனிக்கு மாஸ்டர் பார்த்துப் பழகிய கண்கள் இன்னும் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன.

2024 மே மாதம் எங்களுக்குத் தீபாவளி. திராவிடின் காலம் முடிகிறது, இந்திய ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் தேவை என்று கிரிக்கெட் வாரியம் விளம்பரம் கொடுத்தது. குறைந்தது 30 டெஸ்ட் அல்லது 50 ஒருநாள் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். இல்லையென்றால் டெஸ்ட் ஆடுகிற நாடு ஒன்றுக்கு இரண்டு வருஷமாவது கோச்சாக இருந்திருக்க வேண்டும். இப்படி இன்னும் சில மாற்றுத் தகுதிகள். கடைசியில், வயது 60க்குள். அந்தக் கடைசி வரியை எல்.ஐ.சி.காரர் வாசித்ததும் ஐந்து பேரும் ஒரே குரலில் ஆட்சேபித்தோம். எங்களுக்குள் ஒற்றுமை அன்றைக்கு ஒரு நாள்தான்.

விண்ணப்பத்தை கூகுள் படிவத்தில் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? பிரதமர் பெயரில், உள்துறை அமைச்சர் பெயரில், டெண்டுல்கர் பெயரில், தோனி பெயரில் என்று மூவாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்ததாகப் பத்திரிகையில் படித்தோம்.

நிஜமான பெயர்களுக்கு வருவோம். பான்டிங், லாங்கர், ஃபிளெமிங், கம்பீர் என்று தினமும் ஒரு பெயர் ஓடியது. காதர்பேட்டைக்காரர் ஃபிளெமிங் கட்சி. "2009லிருந்து சென்னையைப் பாத்துக்கறாருங்க. ஒரு நாளாவது அந்த மனுசன் சத்தம் போட்டுப் பாத்திருக்கீங்களா?" என்பார். "அவரு இந்தியாவுக்குப் போயிட்டா அப்புறம் சென்னைக்கு யாருங்ணா?" என்று டையிங்காரர் கேட்டதும் காதர்பேட்டைக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். மறுநாளே ஃபிளெமிங் பெயரை வாபஸ் வாங்கிவிட்டார். தேசபக்தி எல்லாம் ஒரு அளவுக்குத்தான்.

கடைசியில் வாரியத்தின் ஆலோசனைக் குழு ஜூன் மாதம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது இரண்டே பேரை. கௌதம் கம்பீர், நம் டபிள்யூ.வி. ராமன். அங்கேதான் எங்கள் குழு இரண்டாக உடைந்தது.

டையிங்காரர் கம்பீர் கட்சி. காரணத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் முழுசாகச் சொல்லியிருக்கிறார். 2011 ஜனவரி கடைசியில் நொய்யல் வழக்கில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. இவர் பட்டறையும் மூடியது. பாய்லர் ஆறிப்போச்சு, ஆட்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள், பாங்கில் கடன் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. மூன்று வாரத்தில் உலகக் கோப்பை தொடங்கியது. பிப்ரவரி 19 முதல் ஏப்ரல் 2 வரை ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தாராம், பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால். இறுதி ஆட்டத்தில் 275 எடுக்க வேண்டும். சேவாக் இரண்டாவது பந்தில் அவுட். டெண்டுல்கர் 18. ஸ்கோர் 31க்கு இரண்டு. அவர் வீட்டம்மா எழுந்து வந்து டிவியை அணைக்கப் போனார்களாம். "இருக்கட்டும், எல்லாம் மூடியாச்சு, இதாவது ஓடட்டும்" என்றாராம் இவர். கம்பீர் நின்றார். 97. சட்டை முழுக்க மண்.

"சாயக்காரன் ஒருத்தன் துணியில கறையைப் பாத்து அழுதது அன்னிக்கு ஒரு நாள்தானுங்க" என்றார். அதன் பிறகு அவரிடம் கம்பீரின் கோச்சிங் அனுபவம் என்ன என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

எனக்கு ராமன் பக்கம் சாய்வு. தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காக மட்டும் இல்லை. 1987-88 சீசனில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பை வாங்கியது, அதற்கு அடுத்த சீசனில் அவர் அடித்தது 1018 ஓட்டங்கள். ரூசி மோடி வைத்திருந்த பழைய சாதனையைத் தாண்டியது அது. தமிழ்நாடு அதற்குப் பிறகு அந்தக் கோப்பையைத் தொடவே இல்லை. 1992இல் தென்னாப்பிரிக்க மண்ணில் ஒருநாள் ஆட்டத்தில் சதம் அடித்த முதல் இந்தியரும் அவர்தான். ஆனாலும் டெஸ்ட் ஆட்டங்கள் 11தான் கிடைத்தன. பிறகு கோச்சிங்கை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டு வங்காளம், தமிழ்நாடு என்று வேலை பார்த்தார். 2018 டிசம்பரில் பெண்கள் அணிக்கு வந்தார். 2020 மார்ச் 8 அன்று மெல்போர்னில் 86,174 பேர் முன்னால் நம் பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடினார்கள். அதற்குக் கூட்டிப் போனவர் அவர். தோற்றார்கள் என்பது வேறு. அடுத்த வருஷம் மே மாதம் அவருக்குப் பதில் ரமேஷ் போவார் வந்தார்.

என் சாய்வுக்கு உண்மையான காரணம் வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2006இல் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஜெனரல் மேனேஜர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். முந்நூறு மெஷின் ஓடிய இடம். மூன்று பெயர்கள் அடிபட்டன. பெங்களூரில் பெரிய ஃபேக்டரி ஒன்றை நடத்திய ஒருவர், லூதியானாக்காரர் ஒருவர், பதினாறு வருஷமாக அங்கேயே கிடந்த நான். பதினோரு மணி டீயில் டெய்லர்கள், சிங்கர் பெண்கள், செக்கிங்காரர்கள் எல்லோரும் இதைத்தான் பேசினார்கள். இன்றைக்கு நாங்கள் கம்பீரா ராமனா என்று பேசுவது மாதிரியேதான். "பெங்களூர்க்காரரு வந்தா ஒன்றரை ஷிப்ட்டை எடுத்துருவாருங்க", "லூதியானாக்காரருக்கு ஸ்வெட்டர்தானே தெரியும், நம்ம ஃபைன் காட்டன் தெரியுமா?" பவர் டேபிள் காண்ட்ராக்டர் ஒருவர் என் பேரில் பத்து வடை பந்தயம் கட்டியிருந்தார்.

பெங்களூர்க்காரர் வந்தார். பத்து வடை நஷ்டத்தை நான்தான் ஈடுகட்டினேன்.

அவர் திறமைசாலி, அதில் சந்தேகம் இல்லை. முழுசாகத் தைத்து முடித்த பிறகு செக்கிங் செய்வதை மாற்றி, தைக்கிற வரிசையிலேயே நடுநடுவே சோதிக்கிற முறையைக் கொண்டுவந்தார். அது கடைசிவரை அந்தக் கம்பெனியில் இருந்தது. ஆனால் ஒரு சம்பவம். குழந்தைகள் டி-ஷர்ட் ஒரு ஆர்டர். கை ஒரு ரோலிலும் உடம்பு இன்னொரு ரோலிலும் வெட்டப்பட்டு, தைத்த பீஸில் நிறம் லேசாக மாறித் தெரிந்தது. பையர் திருப்பிவிட்டார். முதலாளி கூட்டிய மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பெங்களூர்க்காரர், "கட்டிங் மாஸ்டர் என் பேச்சைக் கேட்கவில்லை" என்று ஆரம்பித்தார். ஒருவேளை அது நிஜமாகவே இருக்கலாம். கட்டிங் மாஸ்டர் பதில் பேசவில்லை. திங்கட்கிழமை எட்டு ஹெல்பர்களைக் கூட்டிக்கொண்டு பி.என். ரோட்டில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எட்டுப் பேரும் கேள்வி கேட்காமல் பின்னால் போனார்கள் என்பதுதான் எனக்குப் பெரிசாகப் பட்டது. பதினாலு மாதத்தில் ஜெனரல் மேனேஜரும் போனார். அந்த நாற்காலி வேலையை அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறவரை நான்தான் பார்த்தேன், நாற்காலி இல்லாமல்.

அதனால்தான் ராமன். 2024 ஜூனில் அவருக்கு 59 முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த விளம்பரத்தின் கடைசி வரி அவரை வெளியே நிறுத்திவிடும். ஜூலை 9 அன்று கம்பீர் பெயரை அறிவித்தார்கள். டையிங்காரர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், போண்டாவோடு. நானும் குடித்தேன். டீயில் என்ன கட்சி இருக்கிறது.

இந்தக் கோச் தேர்வு விவகாரங்களைப் பின்னோக்கிப் பார்த்தால் தமாஷாகத்தான் இருக்கும். 2005 மே மாதத்தில் களத்தில் நாலு பேர்: கிரெக் சாப்பல், டாம் மூடி, டெஸ்மண்ட் ஹெய்ன்ஸ், மொஹிந்தர் அமர்நாத். கேப்டன் கங்குலிக்கே சாப்பல் வர வேண்டும் என்று ஆசை. வந்தார். செப்டம்பரில் அதே கங்குலியைப் பற்றி அவர் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் வெளியில் கசிந்து நாடே வாசித்தது. இதனால் சாப்பல் காலம் முழுவதும் குப்பை என்று சொல்லிவிட முடியாது. அவர் இருந்தபோதுதான் இரண்டாவதாக ஆடி இலக்கைத் துரத்திய 17 ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து ஜெயித்தோம், அது உலக சாதனை. எல்.ஐ.சி.காரர் இதை ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்துவார். 2007 மார்ச்சில் உலகக் கோப்பையில் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்ததை நாங்கள் நினைவுபடுத்துவோம். அன்றைக்கு டீக்கடையில் கணக்கு நேர்.

அதற்கு அடுத்தது இன்னும் வேடிக்கை. 2007 ஜூனில் கிரஹாம் ஃபோர்டைத் தேர்ந்தெடுத்து அறிவித்தார்கள். மனிதர் சில நாளில் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டு கென்ட் அணியிலேயே தங்கிவிட்டார். நிச்சயதார்த்தம் முடிந்து மாப்பிள்ளை ஓடிப்போன கதை. அவசரத்துக்கு சந்து போர்டேயை மேலாளராக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பயணத்தில்தான் அவருக்கு 73 வயசு முடிந்தது. திராவிட் தலைமையில் அங்கே டெஸ்ட் தொடரை 1-0 என்று ஜெயித்தோம், 1986க்குப் பிறகு முதல் தடவையாக. செப்டம்பரில் லால்சந்த் ராஜ்புத்தைக் கூட அனுப்பி, தோனி பசங்கள் டி20 உலகக் கோப்பையையே கொண்டுவந்தார்கள். ஆக, தலைமைக் கோச் என்று முறையாக யாரும் இல்லாத ஆறு மாதத்தில் இரண்டு பெரிய வெற்றி. "அப்ப 60 வயசு விதி எதுக்குங்க?" என்பது காதர்பேட்டைக்காரரின் நியாயமான கேள்வி.

அப்புறம் கேரி கிர்ஸ்டன். கவாஸ்கரிடம் இருந்து கடிதம் வந்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பதிலே போடவில்லை என்று அவரே பிற்பாடு சொன்னார். விண்ணப்பம் போடவில்லை, தயார் செய்துகொண்டும் வரவில்லை, ஏழு நிமிஷத்தில் வேலை கிடைத்தது என்றார். 2011 கோப்பை அந்த ஏழு நிமிஷத்தில் முளைத்ததுதான். இதற்கு நேர் எதிராகக் கால்பந்தில் ஒன்று நடந்தது. 2025 ஜூலையில் இந்தியக் கால்பந்து அணிக்குக் கோச் தேடினார்கள், 170 விண்ணப்பங்கள். அதில் பார்சிலோனா புகழ் சாவி பெயரிலும் ஒன்று இருக்கிறது, ஆனால் அவ்வளவு சம்பளம் நம்மால் கொடுக்க முடியாது என்று செய்தி வந்து ஊரே பரபரத்தது. பிறகு அது போலி மின்னஞ்சல் என்று சம்மேளனமே சொல்லியது. கிரிக்கெட்டில் நிஜக் கடிதத்தைப் போலி என்று நினைத்தவருக்கு உலகக் கோப்பை கிடைத்தது. கால்பந்தில் போலியை நிஜம் என்று நினைத்தார்கள், நல்லவேளை காலித் ஜமீல் இருந்தார், அவரைப் போட்டார்கள்.

கும்ப்ளே விஷயத்தை மட்டும் எங்களால் தமாஷாகப் பேச முடிவதில்லை. 2016இல் 57 விண்ணப்பம். டெண்டுல்கர், கங்குலி, லட்சுமண் மூவரும் உட்கார்ந்து எடுத்த ஆள். ஒரு வருஷத்தில் 17 டெஸ்ட்டில் 12 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் பாகிஸ்தானிடம் தோற்ற இரண்டாவது நாள், 2017 ஜூன் 20 அன்று, கேப்டனுக்குத் தன் பாணி பிடிக்கவில்லை என்று தெரிவிக்கப்பட்டதாக எழுதிவிட்டு விலகினார். எல்.ஐ.சி.காரருக்கு இது இன்றுவரை ஆறவில்லை. "இந்த ரெக்கார்டுக்கு எவன் வேண்டாம்பான்?" என்பார். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. முதலாளியின் மகனுக்குப் பிடிக்காத மேனேஜர் எத்தனை ஷிப்மென்ட்டை நேரத்துக்கு அனுப்பினாலும் எத்தனை நாள் இருக்க முடியும்?

இவ்வளவு பேச்சிலும் பி.டி. வாத்தியார் ஒரு பெயரும் சொல்ல மாட்டார். எங்களில் நிஜமாகவே கோச் வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். குறுவட்டப் போட்டிக்கு எத்தனையோ வருஷம் பசங்களைக் கூட்டிப் போயிருக்கிறார், பாதி நாள் பஸ் செலவு கைக்காசில். ஒரு தடவை நாங்கள் விடாமல் கேட்டதில் சொன்னார்:

"தோத்துட்டுத் திரும்பி வர்ற பஸ்ல கோச் எங்க உக்காந்திருக்காருன்னு பாருங்க. டிரைவர் பக்கத்துல போய் உக்காந்துட்டா அந்தாளு வேண்டாம். கடைசி சீட்டுல பசங்களோட உக்காந்திருந்தா, அப்புறம் அவருக்கு ஆட்டம் தெரியுமான்னு பாத்துக்கலாம்."

"அப்ப கம்பீர் எங்க உக்காருவாரு, ராமன் எங்க உக்காருவாரு வாத்தியாரே?" என்றார் காதர்பேட்டைக்காரர்.

"டிவில பஸ்ஸைக் காட்டறதில்லைங்களே" என்று முடித்துவிட்டார்.

பஸ்ஸைக் காட்டாவிட்டாலும் சில சமயம் தெரிந்துவிடுகிறது. 2024 பிப்ரவரியில் ரஞ்சிக் காலிறுதி கோயமுத்தூரில், தமிழ்நாடும் சௌராஷ்டிராவும். நாங்கள் ஐந்து பேரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். இன்னிங்ஸ் மற்றும் 33 ஓட்டங்களில் ஜெயித்து, ஏழு வருஷத்துக்குப் பிறகு அரையிறுதிக்குப் போனார்கள். கேப்டன் சாய் கிஷோர், அந்த சீசனில் 53 விக்கெட் எடுத்த பையன். அரையிறுதி மும்பையில். டாஸ் ஜெயித்து முதலில் பேட் செய்தார், 146க்கு ஆல் அவுட், இன்னிங்ஸ் மற்றும் 70 ஓட்டங்களில் தோல்வி. ஆட்டம் முடிந்ததும் கோச் சுலக்‌ஷண் குல்கர்ணி பத்திரிகையாளர்களிடம், முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே தோற்றுவிட்டோம், முதலில் பந்து வீசியிருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவர் மும்பைக்காரர், அந்த ஊர் பிட்ச் அவருக்குத் தெரியும். ஆட்டக் கணக்கில் அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஏழு வருஷம் கழித்து அணியை அங்கே கொண்டுபோன கேப்டனை அன்றைக்கே மைக் முன்னால் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று தினேஷ் கார்த்திக் வெளிப்படையாகவே கேட்டார். அடுத்த சீசனுக்கு லட்சுமிபதி பாலாஜி கோச்சாக வந்தார்.

அந்தச் செய்தியை டீக்கடையில் வாசித்தபோது எனக்குக் கட்டிங் மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது. வாத்தியார், "டிரைவர் சீட்டு" என்று மட்டும் சொன்னார்.

சாய் கிஷோர் எங்கும் ஓடிப்போய்விடவில்லை. 2025இல் நம் ஊர் பெயரில் ஆடுகிற திருப்பூர் தமிழன்ஸ் அணிக்குக் கேப்டனாக வந்து, ஜூலை 6 அன்று இறுதி ஆட்டத்தில் அஸ்வினின் திண்டுக்கல் அணியை 118 ஓட்டங்களில் தோற்கடித்துத் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வாங்கினார். நாங்கள் 220 அடித்தோம், அவர்கள் 102. 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். அந்த வாரம் ஊர் பூராவும் அதே பேச்சு. ஆனால் இந்திய அணிக்கு ஆள் தேடித் தொண்டை வறள்கிற எங்கள் குழுவில், நம் ஊர் அணியின் கோச் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. காதர்பேட்டைக் கடைகளில் 7, 10, 18 என்று நம்பர் போட்ட பனியன்கள் மலையாகக் குவிந்திருப்பதை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். கோச் பெயர் அச்சடித்த பனியன் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. "அடிச்சா எவன் வாங்குவான்?" என்கிறார் கடைக்காரர்.

பெண்கள் உலகக் கோப்பை வந்தபோது அவர் கொஞ்சம் யோசித்தார் என்று நினைக்கிறேன். அமோல் மஜும்தார் 2023 அக்டோபரில் அந்த அணிக்கு வந்தவர். முதல்தர ஆட்டத்தில் பதினோராயிரத்துக்கும் மேல் ஓட்டம் எடுத்தவர், இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. 1988இல் பள்ளிப் போட்டியில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ஓட்டம் சேர்த்தார்களே, அன்று பேட் கட்டிக்கொண்டு அடுத்து இறங்கக் காத்திருந்த பையன் அவர்தான். இறங்க வேண்டிய அவசியமே வரவில்லை. 2025 அக்டோபரில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்வி. 'இந்தியாவுக்கே ஆடாதவரை யாருங்க கோச்சா போட்டது?' என்று எங்கள் டீக்கடையிலேயே பேச்சு வந்தது. நவம்பர் 2 அன்று நவி மும்பையில் கோப்பை. ஹர்மன்பிரீத் ஓடிவந்து அவர் காலைத் தொட்டதைப் பார்த்தபோது வாத்தியார் தன் வீட்டில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நாலு சுற்றுக்குப் பதில் ஆறு சுற்று நடந்தார்.

அதே மாதத்தில்தான் குவாஹாத்தி. தென்னாப்பிரிக்கா முதலில் கொல்கத்தாவில் 124 எடுக்க விடாமல் நம்மை 93க்குச் சுருட்டியது. பிறகு நவம்பர் 26 அன்று குவாஹாத்தியில் 408 ஓட்டங்களில் தோல்வி, ஓட்டக் கணக்கில் நம் டெஸ்ட் வரலாற்றிலேயே பெரிய தோல்வி. ஒரு வருஷம் முன்னால் நியூசிலாந்து இங்கேயே வந்து 3-0. நடுவில் சாம்பியன்ஸ் டிராபி, ஆசியக் கோப்பை எல்லாம் வந்ததும் உண்மை. ஆனால் தோற்ற மறுநாள் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அடுத்த கோச் யார் என்று கச்சேரி ஆரம்பித்துவிட்டது.

டையிங்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். "கொஞ்சம் டைம் கொடுங்க. நின்னு ஆடற ஆளுங்க அவரு. 97ஐ மறந்துட்டீங்களா?" என்றார்.

எல்.ஐ.சி.காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "அந்த 97 கணக்கு 2011லயே செட்டில் ஆயிருச்சுங்க. பாலிசி மெச்சூர் ஆகிப் பணமும் குடுத்தாச்சு. நீங்க இன்னும் அதுக்குப் போனஸ் கேட்டுட்டு இருக்கீங்க."

கணக்குப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். டையிங்காரர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாதி டீ அப்படியே இருந்தது.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இருவருக்கும் பேச்சில்லை. மைதானத்துக்கு இருவரும் வருவார்கள். ஒருவர் வலமாகச் சுற்றினால் இன்னொருவர் இடமாகச் சுற்றுவார். அப்படிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நேருக்கு நேர் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதை இருவரும் யோசிக்கவில்லை. காதர்பேட்டைக்காரர் சமாதானத்துக்கு இரண்டு டி-ஷர்ட் கொண்டுவந்து பார்த்தார், வாங்கிக்கொண்டார்கள், பேசவில்லை.

முந்தாநாள் டீக்கடையில் டையிங்காரர் யாரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பொதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, அப்படியே மாத்தினாலும், லட்சுமண் வர மாட்டாருங்களா?"

வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. நானும் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

எல்.ஐ.சி.காரர் கிளாஸை இரண்டு தடவை ஆற்றிவிட்டுச் சொன்னார்: "அவரு எங்கீங்க வரப்போறாரு, பெங்களூர்ல அகாடமியைப் பாத்துட்டு நிம்மதியா இருக்காரு. டெஸ்ட்டுக்கு மட்டும் வேணா கேட்டுப் பாக்கலாமுங்ணா."

"டெஸ்ட்டுக்கு ஒருத்தர், ஒருநாளுக்கு ஒருத்தரா? அது சரிவருமா?" என்று பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார் டையிங்காரர்.